மாணவர் குறும்படத்தைப் பன்னாட்டு விழாவுக்கு அனுப்புவது எப்படி?

2022-23 கல்வியாண்டில் சிறார் திரைப்படத் திட்டம் தொடங்கியபோது, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் சன்னல்களில் பழைய பேனர் துணியைக் கட்டி இருட்டாக்கி, எட்டாம் வகுப்புக்கு ‘தி ரெட் பலூன்’ படத்தைத் திரையிட்டோம். 1956இல் பிரெஞ்சு இயக்குநர் ஆல்பர்ட் லாமொரிஸ் எடுத்த படம். 34 நிமிடங்கள்தான். பாரிஸ் நகரத் தெருக்களில் ஒரு சிறுவன் பின்னால் ஒரு சிவப்பு பலூன் நாய்க்குட்டி போல் வருகிறது. வசனம் ஏறக்குறைய இல்லை. சிறுவனாக நடித்தது இயக்குநரின் மகனேதான். கான் விழாவில் குறும்படத்துக்கான உயரிய விருதையும், ஹாலிவுட்டின் முழுநீளப் படங்களோடு போட்டியிட்டுச் சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கரையும் வாங்கிய படம் அது.

விளக்கைப் போட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், இவ்ளோதானா? ஒரு பையன், ஒரு பலூன், ஒரு தெரு. இத நாமளே எடுக்கலாம் போல இருக்கே!”

நான் சமூக அறிவியல் ஆசிரியை. சினிமா எனக்குத் தொழிலும் இல்லை, பெரிய ஆர்வமும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு எங்கள் மாணவர்கள் ஏழு பேர் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு படம் எடுத்து, பன்னாட்டு விழா ஒன்றுக்கு அனுப்பினார்கள். படம் எடுத்ததைவிட அனுப்பியதில்தான் நாங்கள் அதிகம் தடுமாறினோம். கேமரா, கோணம், ஒளி பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளியிலிருந்து ஒரு படத்தை வெளியே அனுப்பும்போது ஆசிரியர் கையெழுத்திட வேண்டிய தாள்களைப் பற்றிச் சொல்வார் குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எந்த விழா?

விழாவைத் தேடத் தொடங்கினால் தலை சுற்றும். ‘ஷார்ட் ஃபிலிம் ஃபெஸ்டிவல்’ என்ற பெயரில் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. குறும்படம் என்றால் எத்தனை நிமிடம் என்பதில்கூட ஒற்றுமை இல்லை. ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம். கான் விழாவில் 15 நிமிடம். ஆகவே முதலில் படத்தை எடுத்துவிட்டு அப்புறம் விழாவைத் தேடாதீர்கள். விழாவை முடிவு செய்து, அதன் விதிகளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் படத்தைத் தொடங்குங்கள். நாங்கள் எடுத்த முதல் வடிவம் 9 நிமிடம். அதில் பாதியை வெட்டியபோது குழந்தைகள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழா 1954 முதல் நடக்கிறது. குறும்படத்துக்கென்றே நடக்கும் விழாக்களில் மிகப் பழையது. பிரான்சின் கிளெர்மான் ஃபெரான் விழா இவற்றில் மிகப் பெரியது. நம் பக்கத்தில் கேரள மாநில சலச்சித்திர அகாதமி ஆண்டுதோறும் திருவனந்தபுரத்தில் பன்னாட்டு ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்துகிறது. அதன் 16ஆவது விழா 2024 ஜூலை இறுதியில் நடந்தது. மும்பையில் 1990 முதல் ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் மூன்றுக்குமான பன்னாட்டு விழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்து வருகிறது. இவையெல்லாம் திரைப்படக் கல்லூரியில் படித்தவர்களும் தொழில்முறைக் கலைஞர்களும் மோதும் களங்கள். எட்டாம் வகுப்பு மாணவரின் படத்தை அங்கே அனுப்பினால் போட்டி நியாயமாக இருக்காது. ஆனால் பார்வையாளராகப் போய்வாருங்கள். தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ அனந்தபுரி விரைவு ரயிலில் இரவு ஏறினால் மறுநாள் திருவனந்தபுரம். மூன்று நாள் உட்கார்ந்து படம் பார்த்தால், பத்துப் பயிற்சி வகுப்பில் கிடைக்காதது கிடைக்கும்.

சிறாருக்கென்று இந்தியாவில் இருந்த பெரிய மேடை ‘தங்க யானை’ என்று அழைக்கப்பட்ட பன்னாட்டுக் குழந்தைகள் திரைப்பட விழா. 1955இல் தொடங்கப்பட்ட இந்தியக் குழந்தைகள் திரைப்படச் சங்கம் அதை 1979 முதல் நடத்தியது. பின்னாளில் ஹைதராபாத் அதன் ஊராயிற்று. அங்கே குழந்தைகளே எடுத்த படங்களுக்கு ‘குட்டி இயக்குநர்கள்’ என்று தனிப் போட்டிப் பிரிவே இருந்தது. 2017இல் 20ஆவது விழா நடந்தது. 2022இல் அந்தச் சங்கம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ‘ப்ளூரல் பிளஸ்’ என்ற இளையோர் காணொளி விழா. ஐ.நா.வின் நாகரிகங்களின் கூட்டணியும் பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பும் சேர்ந்து 2009 முதல் நடத்துவது. காரணங்கள் எளியவை. நுழைவுக் கட்டணம் கிடையாது. படம் 5 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. எடுப்பவர் 25 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும். அதிலும் 12 வயது வரை, 13 முதல் 17, 18 முதல் 25 என்று பிரித்துவிடுகிறார்கள். எந்த மொழியிலும் எடுக்கலாம், ஆங்கில சப்டைட்டில் வேண்டும். புலம்பெயர்வு, பன்மைத்தன்மை, எல்லோரையும் உள்ளடக்குதல், அயலார் மீதான வெறுப்பைத் தவிர்த்தல் ஆகியவை பொருள்கள்.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் எங்கள் வகுப்பறையே எனக்கு நினைவுக்கு வந்தது.

மறைமலை நகரின் கதை

மறைமலை நகர் என்பது தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் பெயரில், சென்னையின் நெரிசலைக் குறைப்பதற்கென்று உருவாக்கப்பட்ட துணை நகரம். ஜி.எஸ்.டி. சாலைக்கும் ரயில் பாதைக்கும் பக்கத்தில் தொழிற்பேட்டை. அங்கே வேலைக்கு வந்தவர்களில் மதுரைக்காரரும் உண்டு, திருவண்ணாமலைக்காரரும் உண்டு, பீகார், ஒடிசா, அசாம்காரரும் உண்டு. தமிழில் வேற்றுச்சொல்லே வேண்டாம் என்றவர் பெயரைத் தாங்கிய ஊரில் என் வகுப்பில் மட்டும் நான்கு தாய்மொழிகள். அடிகள் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டால் மனம் இளகியிருப்பார்.

அவர்களில் ஒரு மாணவன் பீகாரிலிருந்து மூன்றாம் வகுப்பில் வந்தவன். வீட்டில் தமிழ் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் மருந்துக்கடைக்கும், வீட்டு உரிமையாளரிடம் கரண்ட் பில் பற்றிப் பேசவும், தம்பிக்கு ஊசி போடவும் அம்மா அவனையே அழைத்துப்போவார். பெற்றோர் கூட்டத்திலும் அவன்தான் மொழிபெயர்ப்பாளன். ‘உங்க மகன் வீட்டுப்பாடம் எழுதறதே இல்ல’ என்று நான் சொன்னதை அவன் அம்மாவிடம் நெடுநேரம் இந்தியில் சொன்னான். அம்மா மலர்ந்து சிரித்து எனக்குக் கைகூப்பினார். என்ன சொல்லியிருப்பான் என்று புரிந்துகொள்ள எனக்கு இந்தி தேவைப்படவில்லை.

இதை அவனே குழுவில் நடித்துக் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதை கிடைத்துவிட்டது. மருந்துக்கடை, வீட்டு உரிமையாளர், பெற்றோர் கூட்டம் என மூன்றே காட்சிகள்.

எடுத்தது பற்றிச் சுருக்கமாக

என் கைப்பேசியில்தான் எடுத்தோம். கைப்பேசியைப் படுக்கைவாக்கில் பிடிப்பது, 1920×1080 அளவை முன்கூட்டியே அமைத்துவிடுவது, காற்றாடியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வது ஆகிய மூன்றும் போதும். படம் கொஞ்சம் மங்கினால்கூடப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். எங்கள் மாணவர்கள் இன்னொரு கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்து ஒலியைத் தனியாகப் பதிந்தார்கள். படத்தொகுப்பை ஆய்வகக் கணினியில் ‘ஷாட்கட்’ என்ற இலவச மென்பொருளில் செய்தோம்.

இரண்டு தவறுகளை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாவது: மின்சார ரயில் வந்து நிற்கும் காட்சியோடு தொடங்கலாம் என்று மறைமலை நகர் காமராசர் ரயில் நிலையத்துக்கு ஒரு சனிக்கிழமை போனோம். நடைமேடையில் பாதி எடுத்தபோது ஒரு காவலர் வந்து அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். ரயில்வே வளாகத்தில் படம் எடுக்க ரயில்வேயின் முன் அனுமதி வேண்டும். அது இல்லை. அதைவிட, கைப்பேசித் திரையைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டிருந்த ஒரு பெண் குழந்தை நடைமேடை விளிம்புக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டாள் என்பதை அப்போதுதான் நான் கவனித்தேன். அந்தக் காட்சியை அன்றே அழித்துவிட்டோம். அதன்பின் பள்ளிக்கு வெளியே எடுப்பதென்றால் தலைமை ஆசிரியரின் எழுத்து அனுமதி, கூட இரண்டு பெரியவர்கள், கேமரா பிடிப்பவர் பின்னால் நிற்க ஒரு பிள்ளை என்று வழக்கமாக்கிக்கொண்டோம்.

இரண்டாவது தவறு என் ஆர்வத்தால் வந்தது. தொகுப்பு இழுத்துக்கொண்டே போனதால், ஓர் இரவு வீட்டில் உட்கார்ந்து நானே முடித்து, சோக இசையெல்லாம் போட்டு மறுநாள் காட்டினேன். குழந்தைகள் அமைதியாகப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் சொன்னான்: “நல்லா இருக்கு டீச்சர். ஆனா இது உங்க படம்.” ப்ளூரல் பிளஸ் போன்ற விழாக்களின் விதியும் அதுதான், படத்தை எடுப்பவர் இளையோராக இருக்க வேண்டும். நான் செய்ததை அனுப்பியிருந்தால் அது பொய்ச் சான்று. அழித்துவிட்டு, பழைய இடத்திலிருந்து அவர்களே மறுபடி தொகுத்தார்கள். சோகம் போய்ச் சிரிப்பு வந்தது.

ஒப்புதல் கடிதம்

படத்தில் தோன்றும் ஒவ்வொருவரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. பெரும்பாலான விழாக்கள் இதற்குப் படிவம் தருகின்றன. நாமும் தமிழில் ஒன்று தயாரித்துக்கொள்வது நல்லது. பள்ளிச் சுற்றுலாவுக்கு வாங்குவது போல ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரே வரியில் வாங்கிவிடக் கூடாது. படம் எங்கே அனுப்பப்படுகிறது, இணையத்தில் வருமா, பெயர் வருமா, பிறகு வேண்டாம் என்றால் என்ன செய்யலாம் என நான்கும் அதில் இருக்க வேண்டும்.

கதையின் நாயகனுடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்க வீட்டுக்குப் போனேன். எனக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகன்தான் மொழிபெயர்த்தான். இரண்டு நிமிடத்தில் கையெழுத்து கிடைத்துவிட்டது. பேருந்து நிறுத்தம் வரை வந்த பிறகுதான் உறைத்தது: பெற்றோர் கூட்டத்தில் மொழிபெயர்த்த அதே ஆள்தான் இங்கேயும் மொழிபெயர்த்திருக்கிறான்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தி தெரிந்த ஓர் உறுப்பினர் இருக்கிறார். மறுநாள் அவரை அழைத்துப்போய் மீண்டும் கேட்டோம். ‘பள்ளிக்கூடத்துக்கு போட்டோ எடுக்கறாங்க’ என்ற அளவில்தான் அம்மாவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வெளிநாட்டில் முன்பின் தெரியாதவர்கள் பார்ப்பார்கள் என்பது அவருக்குப் புதுச் செய்தி. சிறிது நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னது: மகன் நடிக்கட்டும். ஆனால் என் முகம் வேண்டாம். வீட்டையும் காட்டக் கூடாது. ஊரில் சொந்தக்காரர்கள் நாங்கள் நல்ல வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் படத்தின் மிக அழகான காட்சி அந்த வீட்டில் எடுத்ததுதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஓட்டை வழியே விழுந்த வெயிலில் மாவு பிசையும் அம்மா, பக்கத்தில் தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கும் மகன். விழாக் குழுவினர் இப்படிப்பட்ட காட்சியை விரும்புவார்கள் என்று எனக்கே தோன்றியது. ஏழ்மையைக் காட்டினால் தூரத்து ஊர்க்காரர் மனம் கரைவார் என்ற கணக்கு நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. குழுவில் இதைப் பேசியபோது இரண்டு பேர், “முகத்த மட்டும் மறைச்சிட்டு வச்சுக்கலாமே டீச்சர்” என்றார்கள். அந்த மாணவன் எதுவும் பேசவில்லை. கடைசியில் காட்சியை எடுத்துவிட்டோம். அம்மாவின் குரலும் கைகளும் மட்டும் படத்தில் இருக்கின்றன. அம்மா வேடத்தில் தூரத்தில் நடந்துபோவது எங்கள் சத்துணவு அமைப்பாளர்.

இதோடு சட்டத்தையும் நினைவில் வையுங்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்திலும் இதுபோன்ற தடை உண்டு. ‘விழிப்புணர்வுப் படம்’ எடுக்கிறோம் என்று நம் பகுதியில் நடந்த உண்மைச் சம்பவத்தைப் பெயர் மாற்றி எடுக்கும் ஆர்வம் மாணவர்களுக்கு வரும். ஊர், தெரு, சீருடை போதும், யாரென்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஆசிரியர் உறுதியாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

பாட்டு வேண்டுமா?

வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சினிமாப் பாட்டு, பின்னணி இசை, கைப்பேசியில் பிடித்த ஏதாவது ஒன்று. ஆண்டு விழாவில் நாம் போடுகிறோமே, இங்கே ஏன் கூடாது என்று மாணவர் கேட்டால் பதில் இது: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும் கல்வி நிறுவன நிகழ்ச்சிகளுக்குச் சில விலக்குகள் தருகிறது. அந்த விலக்கு பள்ளி வாசலோடு நின்றுவிடும். விழாவுக்கு அனுப்பும் படத்தில் பிறர் இசையைச் சேர்க்க உரியவரின் எழுத்து அனுமதி தேவை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, வகுப்பில் விளக்க ஏற்றது. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல் வரிகளை யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த வரிகளுக்கு ஒரு திரைப்படத்தில் போட்ட மெட்டும், பாடிப் பதிவு செய்த ஒலியும் வேறு ஒருவருடைய உடைமை. வரி பொது, பதிவு தனி. ஆகவே பாரதி பாட்டு வேண்டுமென்றால் குழந்தைகளே தங்கள் மெட்டில் பாடிப் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான். நாங்கள் மேசையில் தாளம் போட்டு, சைக்கிள் மணியை அடித்து ஒரு முன்னிசை செய்தோம். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று.

பின்னணியில் தற்செயலாகக் கேட்கும் டீக்கடைப் பாட்டும் சிக்கல்தான். மருந்துக்கடைக் காட்சியை அதற்காகவே இரண்டாம் முறை எடுத்தோம்.

சப்டைட்டில்

ஆங்கில சப்டைட்டில் என்றதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். தொழில்நுட்பம் எளிது. நோட்பேடில் எழுதி ‘எஸ்.ஆர்.டி.’ என்ற கோப்பாகச் சேமிக்கலாம். முதல் வரியில் வரிசை எண். அடுத்த வரியில் 00:00:12,000 --> 00:00:15,500 என்று, எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்ற நேரம். அடுத்து ஆங்கில வாக்கியம். பிறகு ஒரு வெற்று வரி. அவ்வளவுதான். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாமலும், வரிக்கு 40 எழுத்துக்குள்ளும் இருந்தால் படிக்க வசதி.

கடினமானது மொழிபெயர்ப்பு. “அண்ணா, அம்மாவுக்கு ரெண்டு நாளா ஜுரம், மாத்திரை குடுங்கண்ணா” என்கிறான் மாணவன். ‘அண்ணா’வை என்ன செய்வது? ‘பிரதர்’ என்று போட்டால் கடைக்காரர் உடன்பிறந்தவர் ஆகிவிடுவார். ‘சார்’ என்று போட்டால் உறவு போய்விடுகிறது. அரை மணி நேரம் வாதம். எங்கள் ஆங்கில ஆசிரியர் வந்து, ஆங்கில எழுத்தில் ‘அண்ணா’ என்றே விடுங்கள், பார்ப்பவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். இந்தி வசனங்களை அந்த மாணவன் தமிழில் சொல்ல, மற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுத, ஆங்கில ஆசிரியர் திருத்தினார். இந்த முறை அவன் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மேலாண்மைக் குழு உறுப்பினரையும் உட்கார வைத்துக்கொண்டேன். அனுபவம்தான்!

சப்டைட்டிலைத் தனிக் கோப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள், படத்தின் மீதே பதித்த பிரதி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விழா ஒன்றைக் கேட்கும், மற்றொன்று மற்றதைக் கேட்கும்.

படிவம்

இணையப் படிவத்தில் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: படத்தின் பெயர், ஓடும் நேரம், எடுத்த ஆண்டு, இயக்குநர், வயது, கதைச் சுருக்கம், இயக்குநர் கூற்று, படத்திலிருந்து ஒரு நிழற்படம், படத்தின் இணைப்பு. ஓடும் நேரத்தில் பெயர்ப் பட்டியலும் அடங்கும். வயதை எமிஸ் பதிவைப் பார்த்து எழுதுங்கள். மாணவர் சொல்லும் பிறந்தநாளும் பதிவில் உள்ளதும் பல நேரம் வேறு.

கதைச் சுருக்கம் 50 சொல்லுக்குள் கேட்பார்கள். எங்கள் முதல் முயற்சி: ‘இப்படம் மொழி வேறுபாடுகளைக் கடந்து மனிதநேயத்தின் மகத்துவத்தை எடுத்துரைக்கிறது.’ எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியம். நடுவர் நூற்றுக்கணக்கான சுருக்கங்களைப் படிப்பவர். கடைசியில் அனுப்பியது இது: ‘அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. பதின்மூன்று வயது மகன்தான் எல்லா இடத்திலும் மொழிபெயர்க்கிறான். ஒருநாள் அவனைப் பற்றிய புகாரையே அவன் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.’ இதை எழுதியது ஒரு மாணவி. தமிழ்க் கட்டுரைத் தாளில் அவள் இவ்வளவு தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை.

இயக்குநர் கூற்றை நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள். நாற்பது வயதுக்காரரின் சொற்கள் வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

படத்தை விழாவுக்கு அனுப்பும் முன் யூடியூபில் பொதுவாக ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. கடவுச்சொல்லுடன் கூடிய இணைப்போ, இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும் அமைப்போ போதும். இதைக் குழந்தைகளுக்கு இருமுறை சொல்லுங்கள். எங்கள் படத்தின் ஒரு துண்டு யாரோ ஒருவர் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வந்துவிட்டது. நல்லவேளையாக அதில் எவர் முகமும் இல்லை.

கடைசி நாள் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். கோடைக்காலத்தில் நியூயார்க் இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை 9:29. கூடுதல் நேரம் கிடைக்கிறது என்று மகிழ வேண்டாம். அந்த நேரத்தில் காலை வழிபாடு நடந்துகொண்டிருக்கும், பள்ளி இணையமும் அன்று பார்த்து வேலை செய்யாது.

கட்டணம் கேட்டால்

ஃபிலிம் ஃப்ரீவே போன்ற தளங்களில் ஒரே கணக்கின் மூலம் பல விழாக்களுக்குப் படத்தை அனுப்பலாம். வசதியானவை. ஆனால் அங்கே பட்டியலிடப்பட்டவை எல்லாமே உண்மையான விழாக்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ப்ளூரல் பிளஸுக்கு அனுப்பும் முன், பழகிப் பார்க்கலாமே என்று ஒரு சிறு சோதனைப் படத்தை ஒரு ‘பன்னாட்டு விழா’வுக்கு 20 டாலர் கட்டி அனுப்பினேன். என் பணம்தான். ஒரே வாரத்தில் ‘இறுதிச் சுற்றுக்குத் தேர்வு’ என்று மின்னஞ்சல். அடுத்த வாரம் ‘சிறந்த இயக்குநர்’ சான்றிதழ், தங்கநிற இலையோடு. கோப்பை வேண்டுமென்றால் இன்னும் 120 டாலர். பிறகுதான் தேடிப் பார்த்தேன். அந்த விழா மாதந்தோறும் நடக்கிறது. திரையரங்கம் எதுவும் இல்லை. நடுவர் பெயர் எங்கும் இல்லை. விண்ணப்பித்த எல்லோருக்கும் ஏதோ ஒரு விருது.

அந்தச் சான்றிதழை நான் மாணவர்களிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் காலை வழிபாட்டில் கைதட்டு வாங்கியிருப்போம், நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம்கூட வந்திருக்கும். விலை கொடுத்து வாங்கிய பெருமை அது என்று அவர்களுக்குத் தெரியும் நாளில் நான் என்ன பதில் சொல்வேன்?

முந்தைய ஆண்டு வென்ற படங்கள் எவை, எந்த அரங்கில் திரையிட்டார்கள், நடுவர் யார், நடத்தும் அமைப்புக்கு விழாவைத் தவிர வேறு வேலை இருக்கிறதா? இவற்றுக்கு விடை கிடைக்காவிட்டால் அனுப்ப வேண்டாம். நம் மாணவருக்கு இலவச விழாக்களே போதுமானவை. உள்நாட்டில் தேசிய மனித உரிமை ஆணையம் 2015 முதல் நடத்தும் குறும்படப் போட்டி ஒன்று உண்டு. எந்த இந்திய மொழியிலும் எடுத்து ஆங்கில சப்டைட்டிலோடு அனுப்பலாம். கட்டணம் இல்லை. 3 முதல் 10 நிமிடம் வரை ஓடும் படங்களை ஏற்கிறார்கள். விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடும். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்தே அனுப்புங்கள்.

பிறகு

எங்கள் படம் தேர்வாகவில்லை. வென்ற படங்களை ஆய்வகத்தில் சேர்ந்து பார்த்தோம். “நம்மளோடதுலதான் சிரிப்பு அதிகம்” என்று ஒரு தீர்ப்பு வந்தது. ஆண்டு விழாவில் படத்தைத் திரையிட்டபோது, பெற்றோர் கூட்டக் காட்சியில் பெற்றோர் பகுதியிலிருந்து எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அந்த மாணவன் அன்று இல்லை. அப்பாவுக்கு வேலை ஓசூருக்கு மாறிவிட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று படத்தை ஒரு பென் டிரைவில் கொடுத்தேன்.

இந்த ஆண்டு மனித உரிமை ஆணையப் போட்டிக்கு அதே படத்தை அனுப்பலாம் என்று குழுவினர் கேட்டார்கள். ஒப்புதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் ப்ளூரல் பிளஸ் விழாவின் பெயர் மட்டுமே இருந்தது. நான்தான் அப்படி எழுதியிருந்தேன். அம்மாவிடம் மறுபடி கேட்க வேண்டும். கொடுத்த கைப்பேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை. எமிஸில் அவன் சேர்ந்த புதிய பள்ளியைப் பார்த்து, அங்குள்ள தலைமை ஆசிரியருக்கு எங்கள் தலைமை ஆசிரியர் மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை படம் அனுப்பப்படாது என்று குழுவில் சொல்லிவிட்டேன்.

புதிதாக எடுக்கும் படங்களுக்கான ஒப்புதல் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். ‘ஒவ்வொரு விழாவுக்கும் அனுப்பும் முன் எனக்குத் தெரிவிக்கப்படும், வேண்டாம் என்று நான் சொன்னால் அனுப்பப்படாது’ என்பது ஒன்று. மற்றது, சொந்த ஊரில் உள்ள உறவினர் ஒருவரின் எண்ணுக்கான இடம். கடிதத்தைத் தமிழிலும் இந்தியிலும் ஒரே தாளில் அச்சடித்திருக்கிறோம். ஒடியாவில் எழுதித்தர ஒரு பெற்றோர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.